பல்புக்குக் கையுறை

பல்பைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தக் கம்பெனியில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. வெள்ளைப் பருத்திக் கையுறை. தோலில் இருக்கும் எண்ணெய் கண்ணாடியில் பட்டுவிட்டால், விளக்கு எரியும்போது அந்த இடத்தில் மட்டும் சூடு ஏறி, கண்ணாடி உப்பி வெடித்துவிடும். சூப்பர்வைசர் முதல் நாளே கெட்டுப்போன பல்பு ஒன்றைக் காட்டினார். யாரோ ஒருத்தியின் கட்டைவிரல் பட்ட இடம் தீக்கொப்புளம்போல் வீங்கிக் கிடந்தது.

"பாத்தியாம்மா? உங்க கையெல்லாம் அவ்ளோ அழுக்கு," என்றார்.

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். காலையில் குழந்தைக்கு விளக்கெண்ணெய் தேய்த்த கை. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியிருந்தேன். மூன்றாவது முறையும் கழுவியிருக்கலாமோ என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓசூரில் இருந்த அந்தச் சிறிய கம்பெனி சினிமாவுக்கும் டி.வி.க்கும் வேண்டிய விளக்குகளைச் செய்தது. எண்பதுகளின் கடைசி. வீட்டுக்கு வீடு டி.வி. வர ஆரம்பித்திருந்தது, அதில் தெரிகிறவர்களின் முகத்தில் அடிக்க வெளிச்சம் வேண்டியிருந்தது. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. விளக்கு என்றால் வீட்டு விளக்கு அல்ல. அண்டா அளவுக்கு ஒரு அலுமினியக் கூடு, முன்னால் வளையம் வளையமாக வரி ஓடிய தடிமனான கண்ணாடி, அதற்கும் முன்னால் வெளிச்சத்தை மறிக்க நாலு பக்கமும் கறுப்புத் தகரக் கதவுகள். அரை மணி நேரம் எரிந்தால் கூட்டின் மேல் தோசை வார்க்கலாம். உள்ளே போகும் ஒயர் அந்தச் சூட்டில் உருகிவிடாமல் இருக்க, அதற்கு ஒரு வெள்ளை உறை மாட்டுவோம். ஜடைக்குக் கட்டும் குஞ்சலம்போல் பின்னப்பட்ட உறை. அதை மாட்டுவதுதான் எங்கள் டேபிளின் வேலை. நாங்கள் நாலு பெண்கள்.

உறையின் முனை பிசிறு பிசிறாகப் பிரிந்துவிடும். பீங்கான் ஹோல்டரின் சின்ன ஓட்டை வழியாக அதை நுழைக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கிறவர்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். முனையை வாயில் வைத்து நனைத்து, உதட்டால் இழுத்துத் திரித்து, ஓட்டைக்குள் விடுவோம். ஒரு விளக்குக்கு இரண்டு ஒயர், நாலு முனை. சுவை ஒன்றும் இருக்காது. ஆனால் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோலவே இருக்கும். மத்தியானம் சோற்றை விழுங்கும்போது அது கீழே போகாது. தயிர்சாதத்தில் வெள்ளைப் பிசிறு கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம். இப்போது எழுதும்போதுகூட என் நாக்கு மேலண்ணத்தைத் துழாவிப் பார்க்கிறது.

அதன் பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. நான் வேதியியல் படித்தவள். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ்: தீப்பிடிக்காத இழை, வெப்பத்தைக் கடத்தாது, அமிலத்துக்கும் அசையாது. இரண்டு மதிப்பெண் கேள்வி. அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மூச்சோடு உள்ளே போனால் என்ன ஆகும் என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை. நானாவது கேட்டிருக்கலாம். எதற்கும் பயப்படுகிற நான், இதற்கு மட்டும் பயப்படவில்லை. கம்பெனியில் கொடுக்கிறார்கள், எல்லோரும் செய்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

அதே சரக்கில் துணியும் வரும். எரிந்து சூடான விளக்குகளை இறக்கி வைக்க பெஞ்சின் மேல் விரிப்பதற்காக. தடித்த, மெத்தென்ற வெள்ளைத் துணி. வெட்டி மிஞ்சிய துண்டுகளை சனிக்கிழமைகளில் நாங்கள் எடுத்துப் போகலாம். நெருப்பில் காட்டினாலும் எரியாத துணி என்றால் எந்தப் பெண்தான் விடுவாள்? நான் இரண்டு துண்டுகளைச் சேர்த்து, ஓரத்தில் சிவப்பு நூலால் தையல் போட்டு, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணியாகத் தைத்தேன். நன்றாக வந்தது. எங்கள் லைன் வீட்டில் ஏழு குடும்பங்கள். எங்களுக்கு ஒன்று வைத்துக்கொண்டு, மற்ற ஆறு வீட்டுக்கும் பொங்கலுக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன். அந்த லைனில் நான் யாருக்காவது பெருமையாக ஏதாவது கொடுத்தேன் என்றால் அதுதான்.

லைன் வீடு உத்தனப்பள்ளி போகிற ரோட்டில் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் என் மகளைப் பகலில் பார்த்துக்கொண்டார். அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். உத்தனப்பள்ளிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். அவர் கணவர்தான் முதல்முதலாகக் கம்பெனி சட்டை போட்டவர். நான் கல்லாவிக்காரி. எங்களுக்கு அந்த ஊரில் கிணறும் நிலமும் உண்டு. ஊரில் இருந்திருந்தால் அக்கா எங்கள் வீட்டுப் பின்வாசலோடு நின்றிருப்பார். ஓசூரில் ஒரே குழாயில் குடம் வைத்தோம். என் மகளை அவர் "பங்காரு" என்றுதான் கூப்பிடுவார். தங்கம் என்று அர்த்தம்.

என் அம்மா ஒருமுறை கல்லாவியிலிருந்து வந்திருந்தாள். அக்கா குழந்தையைக் கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்துப் போனதும், அம்மா வெந்நீர் வைத்து, மத்தியானம் மூன்று மணிக்குக் குழந்தையை இரண்டாவது முறையாகக் குளிப்பாட்டினாள். தண்ணீர் வாசல் சாக்கடையில் ஓடி அக்கா வீட்டு வாசலைத் தாண்டிப் போனது. அக்கா படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் அக்கா வழக்கம்போல் வந்து, "எங்க எம் பங்காரு?" என்று கையை நீட்டினார்.

குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது பெங்களூரிலிருந்து ஒரு கேமராமேன் விளக்கு வாங்க வந்தார். டி.வி. தொடர் எடுப்பதற்காம். காகிதத்தில் எழுதியதையெல்லாம் நம்ப மாட்டேன், ஒரு முகத்தின் மேல் அடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டார். டெஸ்டிங் ரூம் என்று ஒன்று இருந்தது. நாலு சுவருக்கும் கறுப்புப் பெயின்ட், ஜன்னல் கிடையாது. புது விளக்கை முதன்முதலில் எரியவிடும்போது பெயின்ட்டும் பசையும் கருகி ஒரு புகை வரும். செத்த எலியைச் சுட்டதுபோல ஒரு நாற்றம். அந்த நாற்றம் சேலையில் ஏறினால் இரண்டு துவைப்புக்கும் போகாது.

சூப்பர்வைசர் எங்கள் டேபிளுக்கு வந்து, நாலு பேர் முகத்தையும் சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் ஊர் பெங்களூர் பக்கம். கன்னடம் கலந்துதான் பேசுவார்.

"ஏனம்மா, நீ வா. நீதான் கொஞ்சம் செவப்பு. பேக பேக, சீக்கிரம்."

எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவள், "போடி ஈரோயினி, எங்கள மறந்துராத," என்றாள். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன், எழுந்து போகும்போது பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

நடுவில் ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த விளக்கைப் போட்டார்கள். அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் சூடு அறைந்தது. கேமராமேன் என்னை ஒரு தடவைகூட ஆளாகப் பார்க்கவில்லை. என் கன்னத்தையும் மூக்கையும் பார்த்தார். பல்பு சீக்கிரம் போய்விடக் கூடாதென்று சூப்பர்வைசர் டிம்மரைக் குறைத்து வைத்திருந்தார்.

"என்னய்யா இது, மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு. கொறைச்சா கலர் மாறும்னு தெரியாதா? முழுசா ஏத்துங்க," என்றார் கேமராமேன்.

ஏற்றினார்கள். கண்ணில் நீர் கட்டியது. அவர் விளக்கின் கறுப்புக் கதவுகளை ஒவ்வொன்றாக மடக்கினார். சுவரில் வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் என் முகத்தின் அளவுக்கு வந்து நின்றது. பட்டர் பேப்பர் ஒன்றை முன்னால் துணிக் கிளிப்பால் மாட்டச் சொன்னார். சூடு தணியவில்லை, ஆனால் வெளிச்சம் மெத்தென்று ஆகிவிட்டது. திருகைத் திருகி ஒளியைக் குவித்தார், விரித்தார். நாங்கள் செய்கிற பொருளால் இவ்வளவு செய்யலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"சரி. இப்ப பின்னால இருக்கறத போடுங்க. முடிக்கு ஓரம் கட்டணும்."

எனக்குப் பின்னால், தலைக்கு மேல் உயரத்தில் ஒரு விளக்கை மாட்டியிருந்தார்கள். அதைப் போட்டார்கள். கேமராமேன் கழுத்தில் தொங்கிய கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"யாரு சிகரெட் பிடிக்கறது?"

யாரும் பிடிக்கவில்லை.

"அப்ப இந்தப் பொகை எங்கேர்ந்து வருது?"

நான் தலையைத் திருப்பி மேலே பார்த்தேன். பின்னாலிருந்து வந்த அந்த வெளிச்சத்தில் என்னைச் சுற்றி ஒரு மண்டலம் மிதந்துகொண்டிருந்தது. புகை இல்லை. மயிரைவிட மெல்லிய, நீளமும் குட்டையுமான வெள்ளை ஊசிகள். என் தலைமுடியிலிருந்து கிளம்பின. தோளை அசைத்தால் சேலையிலிருந்து கிளம்பின. கீழே விழவே இல்லை. நான் மூச்சை விட்டபோது அவை என் முகத்திலிருந்து விலகிப் போயின. மூச்சை இழுத்தபோது மொத்தமாகத் திரும்பி என் மூக்கை நோக்கி வந்தன. விட்டேன், போயின. இழுத்தேன், வந்தன. அப்புறம் மூச்சை இழுக்கவே முடியவில்லை. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேமராமேன் இரண்டடி பின்னால் போய்க் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். "இந்தம்மா எந்த டேபிள்?"

"ஒயரிங், சார்."

"இன்னும் ஆஸ்பெஸ்டாஸா போடறீங்க? வெளிநாட்டுலயெல்லாம் நிறுத்திட்டாங்கய்யா. நெஞ்சுக்குள்ள போனா திரும்ப வராது." அடுத்த மூச்சில் சொன்னார்: "மொதல்ல எழுப்புங்க. லென்ஸ்ல படியப் போகுது."

சூப்பர்வைசர் என்னை வெளியே கூட்டிப்போய், கூடுகளைச் சுத்தம் செய்கிற கம்ப்ரஸர் குழாயை என் மேல் திருப்பினார். தலையிலிருந்து கால்வரை காற்றை அடித்தார். சேலை மேலே ஏறியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். லேத்தில் இருந்த ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்மேலிருந்து பறந்தது எல்லாம் அவர்கள் பக்கம்தான் போனது. பிறகு என் இடத்தில் ஆபீஸில் டைப் அடிக்கிற பெண்ணை உட்கார வைத்தார்கள். கேமராமேன் விளக்குகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். ஒயரின் உறையை மாற்றுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

டேபிளுக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் பிடிதுணி ஞாபகம் வந்தது.

குழந்தைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. எதைக் கொடுத்தாலும் ஈறில் வைத்துக் கடிப்பாள். பத்து நாளாக அவளுக்குப் பிடித்தது அந்தச் சிவப்புத் தையல் போட்ட துணிதான். மெத்தென்று இருப்பதால் அழாமல் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நானே அதை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அன்று காலையிலும்.

எழுந்து சூப்பர்வைசரிடம் போனேன். "சார், வீட்டுக்குப் போகணும். கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல."

"காலையில சரியா இருந்துச்சு, இப்ப சரியில்லையா? போன் வந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்ப போயி உக்காரு. இன்னைக்கு ஆர்டர் இருக்கு."

நான் போய் உட்கார்ந்தேன். எனக்கு என்மேலேயே குமட்டுவது அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தால்தான். கதவு பூட்டியிருக்கவில்லை. எழுந்து நடந்திருந்தால் யாரும் காலைப் பிடித்து இழுத்திருக்க மாட்டார்கள். சொன்ன பேச்சு கேட்டே வளர்ந்த உடம்பு உட்கார்ந்துகொண்டது. கையும் தானாக வேலையைத் தொடங்கியது. நாலாவது விளக்கு என்று நினைக்கிறேன், முனையை வாயில் வைத்து உறிஞ்சி இழுத்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. டேபிளுக்கு அடியில் குனிந்து துப்பினேன். திரும்பத் திரும்பத் துப்பினேன்.

எதிரில் இருந்தவள், "என்னாடி, மறுபடியும் முழுகாம இருக்கியா?" என்றாள்.

கேமராமேன் சொன்னதைச் சொன்னேன்.

"இத்தினி நாளா நக்குறோம். செத்தா பூட்டோம்?" என்று சொல்லிவிட்டு, அவள் முனையை வாயில் வைத்துத் திரித்தாள்.

ஐந்து மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை. குழந்தையின் வாயில் துணி. ஒரு மூலை முழுக்க எச்சிலில் ஊறிக் கூழாகியிருந்தது. கீழுதட்டில் சிவப்பு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. துணியைப் பிடுங்கினேன். குழந்தை வீரிட்டது. விரலை வாய்க்குள் விட்டுத் துழாவினேன். வெள்ளையாக, கோழையும் துணியுமாக விரலில் சுருண்டு வந்தது. எவ்வளவு ஏற்கெனவே உள்ளே போயிற்று என்று அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு வாந்தி வந்துவிட்டது. சாக்கடையில் எடுத்தேன்.

"என்னா புள்ள, ஒரு துணிக்குப் போயி இப்பிடிக் கத்தற? நாந்தான் பாத்துக்கினுதான இருக்கறன்?" என்றார் அக்கா.

"அது விஷம்க்கா."

"வெசமா? நீதான் எல்லாருக்கும் தைச்சிக் குடுத்த?"



உள்ளே போய் ஸ்டவ்வைப் பற்றவைத்து அந்தத் துணியை நெருப்பில் போட்டேன். சிவப்பு நூல் மட்டும் சுருண்டு கருகியது. துணி அப்படியே கிடந்தது. எச்சில் காய்ந்து, முன்பைவிட வெள்ளையாகிவிட்டது. தீப்பிடிக்காத இழை. முழு மதிப்பெண்.

மறுநாள் காலையில் குழந்தையை பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த டாக்டரிடம் தூக்கிப்போனோம். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெளிக்கி போறப்ப போயிடும்மா. நீங்க படிச்சவங்க, இதுக்கெல்லாம் பயப்படலாமா?" என்றார். வேறொரு கம்பெனியில் மெஷின் ஓட்டிய என் கணவருக்கு அது போதுமானதாக இருந்தது. "எங்க ஷாப்புல ஆயில் பொகையிலதான் சோறே திங்கறோம். நீ வேலைக்குப் போகாட்டிப் போ, வேணாங்கல. ஆனா புள்ளைக்கு ஒண்ணுமில்ல, மனச ஒழப்பிக்காத," என்றார்.

எனக்குப் போதவில்லை. மூன்று நாள் குழந்தையின் மலத்தை ஒரு தகரத்தில் பிடித்துவைத்து, ஈர்க்குச்சியால் கிளறிப் பார்த்தேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வாசல் வெயிலில் குந்தி உட்கார்ந்து, பருப்பில் கல் தேடுவதுபோல் தேடினேன். தெருவில் போனவர்கள் பார்த்துவிட்டு நடையை வேகமாக்கினார்கள். இரண்டாம் நாள் சிவப்பு நூல் ஒரு நகம் அளவுக்குக் கிடைத்தது. அதைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வெள்ளை கிடைக்கவே இல்லை. இன்னும் வெளியே வரவில்லையா, வந்ததில் கரைந்து தெரியவில்லையா, அல்லது உள்ளே போகவே இல்லையா என்பதை அந்தத் தகரம் சொல்லவில்லை.

மற்ற ஆறு வீடுகளுக்கும் போய்க் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்டேன். இதைவிடக் கேவலமாக நான் எங்கும் நின்றதில்லை. "பொங்கலுக்குக் குடுத்தத மாட்டுப் பொங்கல் தாண்டி கேக்கறியா?" என்று ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, நான் பாத்திரக்காரனுக்குப் போடப்போகிறேன் என்று நினைத்து, "ரெண்டு பாத்திரம் கெடைச்சா எனக்கு ஒரு டம்ளராவது வாங்கிக் குடு," என்றாள். மூன்றாவது வீட்டில் அதை வெட்டித் தொட்டிலுக்கு அடியில் மூத்திரத் துணியாகப் போட்டிருந்தார்கள். அக்காதான் என்னோடு வந்தார். "குடுத்துருங்கடி, கம்பெனியில கேக்கறாங்களாம், வேலை பூடும் இந்தப் புள்ளைக்கு," என்று பொய் சொல்லி எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அந்த வாரத்தில் எனக்கு இருந்த ஒரே துணை.

எல்லாவற்றையும் நனைத்து, பாலிதீன் பையில் கட்டி, கம்பெனிக்கே கொண்டுபோய் சூப்பர்வைசர் மேஜைமேல் வைத்தேன்.

"சார், இத வீட்டுக்குக் குடுக்காதீங்க. எங்களுக்குக் கையுறையும் மூக்குக்குத் துணியும் குடுங்க."

"கையுறை பல்புக்கும்மா. உங்களுக்கு எதுக்கு?" அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். பிறகு பையைப் பிரித்துப் பார்த்து, "அட, தொவைச்சியே கொண்டாந்திருக்க," என்று சந்தோஷப்பட்டார். மத்தியானத்துக்குள் அந்தத் துண்டுகள் டெஸ்டிங் பெஞ்சின் மேல் விரிந்து கிடந்தன, என் சிவப்புத் தையலோடு. ஒரு விளக்கை அதன் மேல் இறக்கி வைத்திருந்தார்கள். ஓரத்தில், தையல் கருகிப்போன ஒன்றில், என் மகள் கடித்த மூலை தெரிந்தது. அன்றோடு நின்றுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா வந்து கதவருகில் நின்றார்.

"உன் எடம் காலியாத்தான இருக்குது? எனக்கு ஒரு வார்த்த சொல்லி உடேன்."

எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். வெளிச்சத்தில் பார்த்ததைச் சொன்னேன். நெஞ்சுக்குள் போனால் வராதாம் என்றேன்.

"வாயில வெக்கக்கூடாது, அவ்ளோதான? தண்ணியில நனைச்சிக்கறன். எங்க ஜனம் அடிச்ச பூச்சி மருந்துக்கு இதெல்லாம் ஒரு தூசியா? நீ வேணாம்னா வுட்டுட்டுப் போவலாம் புள்ள. உனக்குக் கல்லாவி இருக்குது."

 கடைசியில் சொன்ன அந்த வார்த்தையால்தான் போய் சூப்பர்வைசரிடம் சொன்னேனா, இல்லை, குழந்தையைப் பார்த்துக்கொண்ட கடனைக் கழித்துவிட வேண்டும் என்று சொன்னேனா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை. சொன்னேன். அக்காவை எடுத்துக்கொண்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். நான் சொல்லாவிட்டாலும் அவர் போயிருப்பார். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் நாள் வேலை முடிந்து சாயங்காலம் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதை நான் வாசலில் குழந்தையோடு நின்று பார்த்தேன். மேற்கே இறங்கிய வெயில் அவருக்குப் பின்னால் இருந்தது. முடியின் ஓரமெல்லாம் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் தோளிலும் கொண்டையிலும் வெள்ளையாக அவரோடு நடந்து வந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"எங்க எம் பங்காரு? நாளெல்லாம் பாக்கலியே, வாடி."

குழந்தை அவரிடம் தாவியது. நான் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனேன்.

"குளிச்சிட்டு வாங்கக்கா. குளிச்சிட்டுத் தூக்குங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் அம்மாவின் குரலாக எனக்கே கேட்டது. அந்த லைனில் எல்லோரும் வாசலில் இருந்தார்கள். நான் அவசரமாக, "அந்தத் தூசிக்குச் சொன்னேன்க்கா, நான்கூட அப்படித்தான் குளிச்சிருக்கணும், குளிக்காமத்தான்..." என்று ஏதோ சொன்னேன். அவர் நீட்டிய கையை மெதுவாக இறக்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"சரிங்க," என்றார். "நீங்க சொன்னா சரிங்க."

தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குளிக்கிற சத்தம் கேட்டது. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வருவார் என்று நின்றிருந்தேன். தண்ணீர் அவர் வாசல் சாக்கடையில் ஓடிப் போனது. அவர் வரவில்லை.

மகளுக்கு இப்போது ஆறு வயது. இருமினால் நான் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன். நாங்கள் அந்த லைனை விட்டு வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். அக்கா இன்னும் அதே டேபிளில்தான் இருப்பதாகக் கேள்வி. மார்க்கெட்டில் எப்போதாவது எதிரே வந்தால் குழந்தையின் கன்னத்தைத் தொடாமல், தூரத்தில் நின்றே, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். போன மாதம் பார்த்தபோது அதைக் கேட்பதற்குள் இரண்டு முறை நின்று இருமினார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் மகளின் கையைப் பிடித்திருந்தேன். பிடியை இறுக்கினேன். பிறகு விட்டேன். "போ, பெரியம்மாகிட்ட போ," என்றேன். மகள், அவர் யாரென்று தெரியாமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.